பெயில்ல வர்ற தம்பிக்கு பகல் நேர சிகிச்சை: ஜெயில் கேட்டுல இருந்து காப்பகம் வரைக்கும்

திண்டுக்கல்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. அவங்க தம்பிக்கு 41 வயசு, சென்னையில பெயின்டர், பதினஞ்சு வருஷமா குடி. பொண்டாட்டி வீட்டை விட்டு அனுப்பினதுக்கப்புறம் ரெண்டு வருஷமா வீடில்லாதவங்களுக்கான மாநகராட்சி காப்பகத்துலதான் படுக்கை. போதையில நடந்த ஒரு அடிதடியில இப்போ 25 நாளா புழல் ஜெயில்ல ரிமாண்ட், அடுத்த வாரம் பெயில் கிடைக்கலாம். "வெளிநாட்டுல ஜெயிலுக்குள்ளயும் ஷெல்டர்லயும் பகல்ல மட்டும் சிகிச்சை குடுக்குறாங்களாமே, அது இங்க உண்டா? கட்டிப்போட்டு வைக்கிற மையத்துக்கு அனுப்ப மனசு வரல. இல்லன்னா இந்த 25 நாள்லயே குடி விட்டுப்போயிருக்குமா? சாப்பாட்டுல கலந்து குடுக்குற பொடி ஒண்ணு சொல்றாங்க, அதை வாங்கலாமா?"

அக்கா, பொடியை முதல்ல முடிச்சிடுவோம். வாங்காதீங்க. அந்த மாதிரி பொடியில சில நேரம் இருக்குறது டைசல்ஃபிரம்ங்கிற மாத்திரைதான். டாக்டர் சொல்லி, அவனுக்கே தெரிஞ்சு, அவனே சம்மதிச்சு சாப்பிட்டா அது நல்ல மருந்து, ஆனா தெரியாம சாம்பார்ல கலந்து குடுத்து அவன் வெளிய போய் ஒரு குவாட்டர் அடிச்சான்னா முகமெல்லாம் சிவந்து நெஞ்சு படபடன்னு அடிச்சு வாந்தி எடுத்து பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அப்புறம் உங்க கையால ஒரு காபி கூட வாங்கி குடிக்க மாட்டான்.

அடுத்தது அந்த 25 நாள். ஜெயில்ல சரக்கு கிடைக்கல, அதனால குடிக்கல, அவ்வளவுதான், அது சிகிச்சை இல்ல. தினம் குடிக்கிறவன் திடீர்னு நிறுத்தினா முதல் நாளே கை நடுங்கும், தூக்கம் போகும், ரெண்டு நாளுக்குள்ள சிலருக்கு ஃபிட்ஸ் வரும், மூணாவது நாலாவது நாள் ஆள் அடையாளம் தெரியாம இல்லாத பூச்சியை எல்லாம் சுவத்துல பிடிக்கிற அளவுக்கு போயிடும். அது எல்லாத்தையும் உங்க தம்பி இந்நேரம் தாண்டியிருப்பான். உடம்பு பழைய அளவை மறந்துடுச்சு, ஆனா மனசு மறக்கல, சிக்கலே அங்கதான் இருக்கு. வெளிய வந்த அன்னைக்கே பழைய அளவை ஒரே மூச்சுல அடிச்சா உடம்பு தாங்காது. மாத்திரை, ஊசி, ஹெராயின் பழக்கம் இருந்தா இன்னும் மோசம். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஜெயில்ல இருந்து வெளிய வந்தவங்களை வச்சு செஞ்ச ஆய்வு 2007ல வந்துச்சு, முதல் ரெண்டு வாரத்துல போதை அளவு மீறி சாகுற வாய்ப்பு மத்தவங்களை விட 129 மடங்குன்னு அதுல இருக்கு. அதனால தம்பி சாராயம் மட்டும்தானா, இல்ல வலி மாத்திரையை கரைச்சு ஊசி போடுற பழக்கமும் உண்டாங்கிறதை அவன்கிட்டயே கேளுங்க, சென்னையில இப்போ அது சகஜமா நடக்குது, கூச்சப்படாதீங்க.

இப்போ பகல் சிகிச்சைக்கு வர்றேன். ராத்திரி எங்க படுக்குறானோ அங்கயே படுப்பான், பகல்ல ஒரு இடத்துக்கு வந்து உட்காருவான், குரூப்பா பேசுவாங்க, தனியா கவுன்சலிங் இருக்கும், மாத்திரையை கண்ணு முன்னாடியே முழுங்க வைப்பாங்க, சாப்பாடு போடுவாங்க, சாயந்திரம் கிளம்பிடுவான். அமெரிக்கா கணக்குல வாரத்துக்கு 20 மணி நேரமோ அதுக்கு மேலயோ இருந்தா ஒரு வகை, 9 மணி நேரத்துல இருந்து ஆரம்பிக்கிறது இன்னொரு வகை. ஜெயிலுக்குள்ள குடுக்குறதும் புதுசு இல்ல, நியூயார்க் ரைக்கர்ஸ் தீவு ஜெயில்ல 1987லயே ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன்ங்கிற மாற்று மருந்து குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, நம்ம நாட்டுல டெல்லி திஹார் ஜெயில்ல 2008ல அதே மாதிரி ப்யூப்ரினார்ஃபின் மாத்திரை சிகிச்சை வந்துச்சு. நம்ம ஊர்லயும் டிடிகே ஆஸ்பத்திரி (1980ல சாந்தி ரங்கநாதன் அம்மா, குடியால கணவரை இழந்ததுக்கப்புறம் சென்னையில ஆரம்பிச்சது) மஞ்சக்குடி பக்கம் கிராமத்துலயே 15 நாள் முகாம் போட்டு குடியை நிறுத்த வச்சாங்க, ஆஸ்பத்திரிக்கு ஆளை வரச்சொல்லாம ஆள் இருக்குற இடத்துக்கு ஆஸ்பத்திரி போறது. ஷெல்டர்லயே சிகிச்சைங்கிறதும் அதே யோசனைதான்.

ஆனா உண்மையை சொல்லிடறேன், ஜெயில்ல ஆரம்பிச்சு காப்பகத்துல தொடர்ற மாதிரி ஒரே பேக்கேஜா இங்க பெரும்பாலும் கிடைக்காது, நாமளேதான் துண்டு துண்டா ஒட்டுப்போட்டு தைக்கணும். தைக்க முடியும், நான் பல பேருக்கு செஞ்சிருக்கேன்.

முதல் தையல் ஜெயில்ல. இந்த வாரமே மனு பார்க்க, அதாவது ஜெயில்ல அவனை நேர்ல சந்திக்க போங்க. நலம் விசாரிச்சுட்டு வந்துடாம அங்க நல அலுவலர்கிட்டயும் ஜெயில் டாக்டர்கிட்டயும் "இவனுக்கு இத்தனை வருஷ குடி, தினம் இவ்வளவு, இதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கு அல்லது வரல"ன்னு எழுதியே குடுங்க. 2017 மனநல சட்டத்துல குடி, போதையால வர்ற மனப் பாதிப்பும் மனநோய்ங்கிற வரையறைக்குள்ள வருது, ஜெயில்ல இருக்கான்னு சொல்லி அந்த உரிமை போயிடாது. வக்கீல் இல்லன்னா காவல்ல இருக்குறவனுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் பண்ணுங்க. டாக்டர் பார்த்தா ஒரு சீட்டு எழுதுவாரு, அந்த சீட்டு வெளிய வரும்போது தம்பி கையில இருக்கணும். அது இல்லாம வந்தவங்க ஆஸ்பத்திரியில முதல்ல இருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும், ரெண்டாவது தடவை சொல்ல சொன்னாலே பாதி பேர் எழுந்து போயிடுவாங்க.

ரெண்டாவது, காப்பகம். உச்ச நீதிமன்றம் 2010ல சொன்னதுக்கப்புறம் வந்த ஏற்பாடு இது, லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு விதி. ஆனா பல இடத்துல குடிச்சுட்டு வந்தா உள்ள விட மாட்டாங்க, அதுல அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, மத்த ஐம்பது பேரு தூங்கணும். அதனால பெயிலுக்கு முன்னாடியே காப்பக பொறுப்பாளரை பாருங்க, படுக்கை இருக்கான்னு மட்டும் கேட்காம மாத்திரையை அவர் வச்சுக்குவாரான்னு கேளுங்க. ஒரு காப்பகத்துல நான் பார்த்தேன், பொறுப்பாளர் பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் நாலு வாங்கி மேல பேனாவால பேர் எழுதி பீரோவுல பூட்டி வச்சிருப்பாரு, ராத்திரி எட்டு மணிக்கு பேரை கூப்பிட்டு அன்னைய டோஸை மட்டும் குடுத்து தண்ணியும் குடுத்து வாயை திறக்க சொல்லி பார்ப்பாரு. சிரிப்பு வரும், ஆனா தூக்க மாத்திரை ஒரு அட்டை மொத்தமா கையில குடுத்தா அது ராத்திரிக்குள்ள ரெண்டு பேருக்கு வித்துப்போயிடும், அதுக்கு டிபன் பாக்ஸ் எவ்வளவோ மேல்.

மூணாவது, பகல். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓபி இலவசம், கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியிலயும் பார்ப்பாங்க, 2025ல கலங்கரைங்கிற பேர்ல 25 இடத்துல போதை மீட்பு மையமும் அரசு திறந்திருக்கு. எந்த இடம் பக்கம்னு 14446ல கேட்டா சொல்லுவாங்க, காசு கிடையாது. அங்க குடி ஆசையை குறைக்குற நால்ட்ரெக்ஸோன் மாதிரி மருந்து ஒத்துவருமான்னு டாக்டரை கேளுங்க, ஈரல் டெஸ்ட் பார்த்துட்டுதான் குடுப்பாங்க, ஊசி, வலி மாத்திரை பழக்கம் இருந்தா அதை மறைக்காம சொல்லணும், இல்லன்னா அந்த மருந்தே ஆளை படுத்தி எடுத்துடும்.

பகல் சிகிச்சைன்னு பேரு, ஆனா என் அனுபவத்துல ஆபத்து சாயந்திரம்தான். உங்க தம்பி பெயின்டர், ஆறு மணிக்கு கையில கூலி வரும், டாஸ்மாக் பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும், அந்த நாலு மணி நேரத்துக்கு எந்த டாக்டரும் இருக்க மாட்டாரு. அதுக்கு ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங் இருக்கு, குடியை விட நினைக்கிறவங்க கூடி ஒருத்தருக்கொருத்தர் துணையா பேசுறது, தமிழ்லயே நடக்குது, இலவசம், நிறைய குரூப் சாயந்திரம்தான் கூடுவாங்க. முதல் மூணு நாலு வாரம் வேலைக்கு போகாம பகல்ல ஆஸ்பத்திரி, சாயந்திரம் மீட்டிங், ராத்திரி காப்பகம்னு ஓட்டணும். அந்த நாலு வாரச் செலவை நீங்க ஏத்துக்க முடிஞ்சா பொடிக்கு செலவு பண்றதை விட அது நூறு மடங்கு மேல், ஆனா காசா குடுக்காதீங்க, சாப்பாட்டு கடையில கணக்கு வைங்க. அப்புறம் வேலைக்கு போகட்டும், மேஸ்திரிகிட்ட பேசி கூலியை வாரக் கூலியா மாத்த முடியுமான்னு பாருங்க, தினக்கூலி கையில வர்ற ஆளுக்கு தினமும் ஒரு பரீட்சை.

கட்டிப்போடுற மையம் பத்தி உங்க பயம் நியாயமானது. சங்கிலி போடுறது சட்டப்படியே குத்தம். ஆனா உள்ள படுக்க வச்சு பார்க்குற எல்லாமே அப்படி இல்ல, தம்பிக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருந்தாலோ வெளிய வந்து திரும்ப தினம் குடிக்க ஆரம்பிச்சாலோ பகல் சிகிச்சை பத்தாது, ஒரு வாரம் பத்து நாள் படுக்க வச்சுத்தான் நிறுத்தணும். தனியார் மையம்னா மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கான்னு சர்டிபிகேட்டை கண்ணால பாருங்க, வாரத்துக்கு ஒரு தடவை நேர்ல பார்க்க விடுவீங்களான்னு கேளுங்க, "மூணு மாசம் பார்க்கவே கூடாது"ன்னு சொன்னா அப்படியே திரும்பி வந்துடுங்க.

கடைசியா ஒண்ணு. பெயில் ஆர்டர் ஜெயிலுக்கு போய் சேர்ந்து ஆளை விடும்போது பெரும்பாலும் சாயந்திரம், சில நாள் ராத்திரியே ஆயிடும். அந்த நேரத்துல ஓபி மூடியிருக்கும், டாஸ்மாக் மூடியிருக்காது, கேட்டுக்கு வெளிய பழைய கூட்டாளி எவனாவது ஆட்டோவோட நிப்பான். நீங்களோ மச்சானோ யாராவது ஒருத்தர் மதியத்துல இருந்தே அங்க நிக்கணும். வந்ததும் வயிறு நிறைய சோறு வாங்கி குடுங்க, வீட்டுக்காரி பத்தி, கேஸ் பத்தி எதுவும் அன்னைக்கு பேச வேண்டாம், நேரா காப்பகத்துல படுக்க வச்சுட்டு மறுநாள் காலையில எட்டு மணிக்கு ஓபி கியூவுல கூடவே நில்லுங்க. பழைய ஆஸ்பத்திரி சீட்டு வீட்டுல எங்கயாவது இருந்தா கிளம்பும்போதே பையில எடுத்து வச்சுக்குங்க.