ஆங்கில வார்ப்புருவில் தமிழ் எழுத்து: இணையதள வடிவமைப்பு கேள்வி-பதில்

கேள்வி: சிற்றிதழ் ஒன்றை இணையத்தில் நடத்துகிறோம். விலை கொடுத்து வாங்கிய ஆங்கில வார்ப்புருவில் (தளத்துக்கான ஆயத்த வடிவமைப்பில்) தமிழ்க் கட்டுரைகள் நெருக்கமாகவும் அழகின்றியும் தெரிகின்றன. எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: அதற்கு முன் வரி இடைவெளியை மாற்றிப் பாருங்கள். ஆங்கில வார்ப்புருக்களில் அது பெரும்பாலும் எழுத்தளவைப் போல 1.4 மடங்கை ஒட்டியே இருக்கும். தமிழில் மேலே புள்ளியும் மேல்விலங்குச் சுழியும், கீழே ழகரத்தின் வாலும் உகரக் குறிகளும் நீள்வதால், ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் இடிப்பதுபோல் தோன்றுகிறது. 1.7 மடங்கில் தொடங்கி, கண்ணுக்கு ஏற்றபடி கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். அடுத்து, பத்தியை இருபுறமும் சமப்படுத்தும் அமைப்பை நீக்கிவிடுங்கள். ஒட்டுகள் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்கள் கைப்பேசித் திரையில் வரிக்கு மூன்று நான்குதான் கொள்ளும் என்பதால், அவற்றை இழுத்துச் சமப்படுத்தும்போது நடுவே பெரும் வெற்றிடங்கள் விழுகின்றன. மேற்கோள்களுக்கான சாய்வெழுத்தும் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் இல்லாததால், உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துக் காட்டுகிறது, அது பார்க்கச் சகிக்காது. இவ்வளவுக்குப் பிறகும் நிறைவில்லையென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற இலவச எழுத்துருக்களைப் பரிசீலிக்கலாம். சாதாரணம், தடிமன் ஆகிய இரண்டு எடைகளே போதும். அந்த எழுத்துருக் கோப்புகள் இறங்கும்வரை வாசகரின் கருவியில் உள்ள எழுத்திலேயே கட்டுரை தெரியும்படி அமைத்துவிட்டால், வாசகர் வெற்றுத் திரையைப் பார்த்துக் காத்திருக்க நேராது.

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடைத் தளத்தின் முகப்பில் ஐந்து பெரிய படங்கள் தாமாக மாறுகின்றன, பின்னணியில் நாதஸ்வரமும் ஒலிக்கிறது. தளத்துக்கு வருவோர் உடனே வெளியேறிவிடுவது ஏன்?

பதில்: நாதஸ்வரத்தை முதலில் நிறுத்துங்கள். பேருந்திலோ அலுவலகத்திலோ கைப்பேசியைத் திறப்பவருக்கு அது சங்கடமே தருகிறது. பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல். ஐந்து பெரிய படங்கள் ஒன்றாக இறங்கும்போது அது எட்டாக்கனிதான். ஒரே படத்தை, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவில் சுருக்கி வையுங்கள். அதன் அகல உயரங்களை நிரலில் குறித்துவிட்டால், படம் தாமதமாக வந்தாலும் கீழே உள்ள எழுத்துகள் துள்ளி இடம் மாறா. கடை திறக்கும் நேரம், வரைபடம், தொட்டவுடன் அழைக்கும் தொலைபேசி எண் ஆகியவற்றை முதல் திரையிலேயே கொடுங்கள். வருவோர் தேடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

கேள்வி: வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து நவீனமாகத் தெரிகிறதே, தவறா?

பதில்: தவறுதான். சாதாரண அளவிலான எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பின் அணுகல் வழிகாட்டி. அதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் பல உள்ளன.

கேள்வி: எங்கள் நூலகச் சங்கத்தின் அறிவிப்புகளைச் சுவரொட்டிப் படங்களாகவும் பிடிஎஃப் கோப்புகளாகவும் ஏற்றுகிறோம். இது போதாதா?

பதில்: போதாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறிகளைக் கொண்டு கண்டுபிடிப்பது கடினம். கைப்பேசியில் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், அதை நகலெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே பெரும்பாலும் வரும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அவற்றையே உளறிக்கொண்டிருக்கும். அறிவிப்பின் முழு வாசகத்தையும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் எழுத்தில் பக்கத்திலேயே இட்டு, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்துவிட்டால், என்விடிஏ (NVDA) போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் அதைத் தமிழ்க் குரலில் வாசிக்க வழி கிடைக்கும். சுவரொட்டியை அழகுக்காகக் கூடவே வைத்துக்கொள்வதில் தடையில்லை.

கேள்வி: சிறுகதைப் போட்டிக்கான படிவத்தைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுபவர் அங்கேயே தடுமாறுவார். ‘முழுப்பெயர்’ என்ற ஒரே கட்டம் போதும். கட்டத்தின் விளக்கத்தை உள்ளே மங்கலாக எழுதாமல் மேலே எழுதுங்கள், ஏனெனில் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் உள்ளே இருப்பது மறைந்துவிடும். ஏதேனும் ஒரு கட்டத்தில் பிழை இருந்தால், நிரப்பிய மற்றவை அழியாமல் அந்த ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுங்கள். அயல்நாட்டுப் படைப்பாளர்களையும் அழைத்திருந்தால், இந்தியாவில் 6 இலக்கமாக இருக்கும் அஞ்சல் குறியீடு இலங்கையில் 5 இலக்கம் என்பதை நினைவில் வைத்து, யாழ்ப்பாணத்து எழுத்தாளரின் முகவரியை உங்கள் படிவம் ஏற்கிறதா என்று இன்றே சோதித்துப் பாருங்கள்.