அணுமருத்துவப் பிரிவில் வேலை செய்பவர்களுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு பற்றித் தெரிந்திருக்கிறதா?

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் அணுமருத்துவப் பிரிவில் உங்கள் தங்கை செவிலியராகச் சேரவிருக்கிறார், அவருக்குத் திருமணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது, அங்கிருப்பவர்களுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு பற்றிய விழிப்புணர்வு உண்டா, நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டெல்டா மாவட்டங்களில் இரண்டு மருத்துவமனைகளில், கதிரியக்க மருந்தை உடலில் செலுத்தி நோயைப் படமெடுக்கும் இதே பிரிவில் பதினொரு ஆண்டுகள் டெக்னாலஜிஸ்டாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அனுப்பலாம். எங்கள் பிரிவுகளில் பயத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பயம் பெரும்பாலும் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் துப்புரவுப் பணி செய்த அக்கா ஒருவர், காமா கேமரா அறையைக் கடக்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அதே அக்கா, ஊசி போடும் அறையில் தரையில் விழுந்த பஞ்சை வெறும் கையால் எடுத்துச் சாதாரணக் குப்பைக் கூடையில் போடுவார். காமா கேமரா எதையும் உமிழ்வதில்லை. நோயாளியின் உடலிலிருந்து வருவதை வாங்கிப் படமாக்குகிறது, அவ்வளவுதான். (சிடி ஸ்கேனும் இணைந்த கருவியானால், அது ஓடும் நேரத்தில் மட்டும் எக்ஸ்ரே வரும்.) ஒருநாள் மதியம் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரை எடுத்துக்கொண்டு அவரை அழைத்துப் போனேன். கேமராவின் முன் மீட்டர் ஏறக்குறைய மௌனமாக இருந்தது. எலும்பு ஸ்கேனுக்காக டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ஊசி போட்டுக்கொண்டு, மூன்று மணி நேரம் கழிவதற்காக வராந்தா பெஞ்சில் காத்திருந்த ஓர் அம்மாவின் பக்கம் திருப்பியதும் படபடவென்று பொரிந்தது. “அப்ப மெஷின்ல ஒண்ணும் இல்லியா? அந்தம்மாகிட்டயா இருக்கு?” என்று கேட்டார். நான்கு ஆண்டுகளாக அந்த வராந்தாவைக் கூட்டியவர். ஒப்பந்தப் பணியாளர் என்பதால் பயிற்சி வகுப்புக்கு அவரை யாரும் அழைத்ததில்லை.

உங்கள் தங்கை கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடமும் இதுதான். ஊசி போட்ட பிறகு நோயாளிதான் கதிர்வீச்சு வெளிவரும் மூலம். அவருடைய சிறுநீரும், ஊசி மருந்து ஏற்றிவிட்டுக் கழற்றிய சிறு குழாயான கேனுலாவும், அவர் வாந்தி எடுத்த தட்டும் அதே கணக்கில் சேரும். நம் பக்கத்தில் ஒரு நோயாளியோடு நான்கு பேர் வருவார்கள், சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கர்ப்பிணி மகளையும் கைக்குழந்தையையும் அங்கிருந்து தள்ளி உட்காரவைப்பது செவிலியரின் வேலையாகத்தான் முடியும், அதைக் கோபப்படாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

ஈய ஏப்ரன் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. அரை மில்லிமீட்டர் ஈயம் டெக்னீஷியத்தின் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிரைப் பாதிக்கு மேல் தடுக்கும். பெட் (PET) ஸ்கேனுக்குப் பயன்படும் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருளின், அதைவிட ஆற்றல் மிகுந்த 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரைப் பாதியாக்கவே நான்கு மில்லிமீட்டருக்கு மேல் ஈயம் தேவைப்படுவதால், அங்கே ஏப்ரன் தோளை வலிக்கச் செய்வதைத் தவிரப் பெரிதாக உதவாது. தூரமும் நேரமும்தான் உதவும். அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு விலகினால் பெறும் கதிர்வீச்சின் அளவு ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே சர்க்கரை அளவு பார்ப்பது, கேனுலா போடுவது, கேட்க வேண்டியதைக் கேட்பது, கழிப்பறையைக் காட்டுவது அனைத்தையும் மருந்து அறைக்குள் வருவதற்கு முன்பே முடித்துவிடும் செவிலியர், எந்தக் கவசமும் இல்லாமலே தன் அளவைக் குறைத்துக்கொள்கிறார்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். கதிரைத் தடுக்கச் சிரிஞ்சைச் சுற்றிப் போடும் டங்ஸ்டன் உறை கனமாக இருக்கிறது, கை தாமதமாகிறது என்று சில மாதங்கள் அதை ஒதுக்கி வைத்திருந்தேன். வாங்கும் கதிர்வீச்சைப் பதிய மார்பில் அணிந்த பேட்ஜ் சாதுவாகவே இருந்தது. விரலில் மோதிரமாக அணிந்த பேட்ஜின் அறிக்கை அதிக அளவைக் காட்டியபோதுதான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பிறகு வெறும் சலைனை நிரப்பி, உறையோடு பத்து நாள் பழகினேன், தாமதம் போய்விட்டது.

இனி, நீங்கள் நேராகக் கேட்காத விஷயம். நம் வீடுகளில் மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியில் சொல்வதில்லை, கண்பட்டுவிடும் என்பார்கள். ஆனால் கருவின் உறுப்புகள் உருவாவது அந்த வாரங்களில்தான். பணியாளர் பெறும் கதிர்வீச்சு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. கர்ப்பம் என்று தெரிவித்தபின் எஞ்சிய காலம் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்தான் அனுமதி. இயற்கையாகவே உலகில் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு 2.4 பெறுகிறார் என்பதோடு ஒப்பிட்டால் அந்த வரம்பு எவ்வளவு இறுக்கமானது என்று தெரியும். தெரிவித்தால் ஊசி போடும் வேலையிலிருந்தும் கதிரியக்க அயோடின் சிகிச்சை பெறுவோர் தங்கும் வார்டிலிருந்தும் மாற்றிவிடுவார்கள். தெரிவிக்காதவரை யாருக்கும் மாற்றக் காரணமில்லை. என்னுடன் பணிபுரிந்த ஒரு பெண், மாமியாருக்குச் சொல்வதற்கு முன்பே பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிவிட்டார். அலுவலரும் பணிப்பட்டியலில் “ரிப்போர்ட் டைப்பிங்” என்று மட்டும் எழுதி, காரணத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டார். உங்கள் தங்கையும் சேரும் நாளிலேயே அவர் யார், எந்த அறையில் இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்படும். மாலையில் வீடு திரும்பும்போது அதை ஏப்ரனிலேயே குத்திவிட்டு வந்து, அந்த ஏப்ரன் இரவெல்லாம் கதிரியக்க மருந்துகளை வைத்துத் தயாரிக்கும் ஹாட் லேப் வாசலில் தொங்கியதால், தாங்கள் வாங்காத கதிர்வீச்சுக்கு விளக்கம் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அணியாமல் ஒப்பீட்டுக்காக வைக்கும் கன்ட்ரோல் பேட்ஜ் மாட்டியிருக்கும் பலகை ஒன்று கதிர்வீச்சு மூலங்களிலிருந்து தள்ளி எங்காவது இருக்கும். உங்கள் தங்கையின் பேட்ஜும் இரவில் அதன் பக்கத்தில் தொங்க வேண்டும்.