பூச்சாடிக்கு எந்தத் தண்ணீர்? குளோரினை விடுங்கள், உப்பைப் பாருங்கள்

கேள்வி: பைப் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். அந்தூரியத்திலும் ஒர்கிட்டிலும் இலை நுனி கருகுகிறது. குளோரின்தான் காரணம் என்று சொல்லி, தோட்டக் குழாயில் பூட்டும் கார்பன் பில்டர் ஒன்றை வாங்கச் சொல்கிறார் வீட்டுக்கு வந்த விற்பனையாளர். வாங்கலாமா?
கல்லடி வாசகி

பதில்: வேண்டாம். உங்கள் குழாயில் வருவது உன்னிச்சைக் குளத்து நீர். வவுணதீவில் சுத்திகரித்து, வழியில் கிருமி சேராமல் இருக்கக் குளோரின் இட்டு அனுப்புகிறார்கள். குடிநீரில் எஞ்சியிருக்கும் குளோரினுக்கு இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 வைத்திருக்கும் உச்ச வரம்பு லீற்றருக்கு 1 மில்லிகிராம். அவ்வளவு சிறிய அளவு, சாடியில் உள்ள எருவையும் மக்கிய இலையையும் தொட்ட உடனேயே செயலிழந்துவிடும். வேரைக் கருக்கும் வலு அதற்கு இல்லை.

குளோரினைப் போக்கியே ஆகவேண்டிய வேலை ஒன்று உண்டு. டிரைக்கோடெர்மா (செடி நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சணம்) கரைக்கும்போதும் சாணத்தில் திரவப் பசளை ஊறவைக்கும்போதும் அது நல்ல நுண்ணுயிர்களைக் கொல்லும். அதற்கும் பில்டர் தேவையில்லை. வாய் அகன்ற பேசினில் தண்ணீரை 24 மணி நேரம் திறந்து வையுங்கள். மேலே நுளம்பு வலையைக் கட்டுங்கள், மறுநாளே பாவித்து முடியுங்கள். ஒரு கிழமை விட்டால் டெங்கு நுளம்புக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது போலாகும். அவசரமென்றால் பாமசியில் கிடைக்கும் 500 மில்லிகிராம் விற்றமின் சி வில்லையில் பாதியைத் தூளாக்கி 100 லீற்றரில் கலக்குங்கள். 1 மில்லிகிராம் குளோரினை முறிக்க 2.5 மில்லிகிராம் விற்றமின் சி போதும்.

நுனி கருகுவது பெரும்பாலும் சாடியில் தேங்கிய உப்பால். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக ஊற்றுகிறோம்; நீர் ஆவியாகிறது, அதிலிருந்த உப்பும் பசளையின் மிச்சமும் அடியில் தங்குகின்றன. நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நன்றாக நனைந்த சாடியை ஒரு மணி நேரம் வடியவிட்டு, அடித்தட்டைக் கழுவி வையுங்கள். மேலே சுற்றிவர அரைப் போத்தல் தண்ணீரை மெல்ல ஊற்றி, கீழே வடிவதைப் பிடித்து டி.டி.எஸ். மீற்றரால் (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) அளவுங்கள். ஊற்றிய நீர் 120, வடிந்தது 900 என்றால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. சாடியின் கொள்ளளவுபோல் இரண்டு மடங்கு நீரை, 8 லீற்றர் சாடிக்கு 16 லீற்றரை, மூன்று நான்கு தவணையாக ஊற்றி முழுவதும் வடியவிடுங்கள். அடித்தட்டில் நிற்கும் நீரைக் கட்டாயம் கொட்டுங்கள், இல்லாவிட்டால் சாடி அதே உப்பைத் திரும்ப உறிஞ்சும். அதன்பின் பசளையைப் பாதியாகக் குறையுங்கள். கருகிய நுனி பச்சையாகாது. புதிதாக வரும் இலையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் கிணறு மாரியில் நல்ல தண்ணீர், ஆடி ஆவணியில் சவர். கொச்சிக்காயும் பயற்றையும் வாடுகின்றன. எந்த மீற்றர் வாங்குவது, எந்த எண் வந்தால் ஊற்றக்கூடாது?
ஆரையம்பதி வாசகர்

பதில்: மீற்றர் வாங்குவது நல்ல செலவு. பேனா வடிவில் வரும் சாதாரண டி.டி.எஸ். மீற்றரே போதும். மூன்று விடயம் பாருங்கள்: வெப்பநிலைக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் வசதி, ஈ.சி. அளவை (நீர் மின்சாரம் கடத்தும் திறன், உப்புக் கூடினால் இதுவும் கூடும்) மைக்ரோசீமன்ஸில் காட்டும் வசதி, கூடவே ஒரு சரிபார்க்கும் திரவம் (1413 என்று பொறித்திருக்கும்). கடையிலேயே அந்தத் திரவத்தில் தோய்த்துக் காட்டச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். சொன்னது ஒன்று, பெட்டிக்குள் இருந்தது வேறு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். இந்த மீற்றர் கரைந்த உப்பை மட்டுமே சொல்லும். குளோரினையோ கிருமியையோ அது காட்டும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

ஈ.சி. 700க்குக் கீழே இருந்தால் எதற்கும் ஊற்றலாம். 700க்கும் 3000க்கும் இடையில் பயிரைப் பார்க்க வேண்டும். போஞ்சிக்கு 700, வெங்காயத்துக்கு 800, கொச்சிக்காய்க்கு 1000 தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். தக்காளி 1700 வரை தாங்கும், பீற்றூட் 2700 வரை. 3000க்கு மேல் வீட்டுத்தோட்டத்துக்கு ஆகாது. டி.டி.எஸ். மட்டும் காட்டும் மீற்றரென்றால் அந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ ஈ.சி. வரும். இவை மண்ணில் நட்ட பயிருக்கான எண்கள். சாடியில் உப்பு விரைவாகத் தேங்குவதால் இன்னும் கீழே நில்லுங்கள்.

எழுவான்கரை (மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கரை) மணலில் நன்னீர் ஒரு படலமாக உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடிவரை மேலேறக்கூடும் என்பது கணக்கு. கோடையில் மோட்டாரை ஒரேயடியாக ஓடவிட்டால் சவரை நாமே இழுத்து எடுக்கிறோம். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்து இறையுங்கள். புட் வால்வை (மோட்டாரின் உறிஞ்சு குழாய் நுனியிலுள்ள வால்வு) அடிமட்டத்தில் வைக்காமல் நீர் மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று அடியில் தொங்கவிடுங்கள். நாற்றுக்கும் கொச்சிக்காய்க்கும் பைப் தண்ணீரைக் கிணற்று நீரோடு சரிபாதி கலந்து ஊற்றலாம்: கிணறு 1800, பைப் 200 என்றால் கலவை 1000. இலையில் படாமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள், சவர்நீர் இலையில் காய்ந்தால் தனியே கருக்கும்.

மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைப்பதைப் போன்ற வேறு வழி இல்லை. 10 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் வீணாவது போக 200 லீற்றர் ஒரு பீப்பாய் நிறையும். முதல் 10 லீற்றரில் தூசியும் பறவை எச்சமும் வரும், அதைத் தனியே ஒழுகவிட்டுவிட்டுப் பீலிக் குழாயைப் பீப்பாய்க்குத் திருப்புங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஆர்.ஓ. தண்ணீர் (சவ்வு வழியாக உப்பை நீக்கிய நீர்) வாங்கி ஊற்றலாமா? வீட்டில் உப்புப் போட்டு நீரை மென்மையாக்கும் இயந்திரமும் இருக்கிறது.
கல்முனை வாசகி

பதில்: ஒர்கிட்டுக்கும் விதை நாற்றுக்கும் ஆர்.ஓ. நல்லது, மற்றவற்றுக்கு வீண் செலவு. அதில் கல்சியமும் மக்னீசியமும் இல்லாததால் பசளையில் அவை இருக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரில் உப்புக் கூடியிருக்கும். அளந்து பார்க்காமல் செடிக்கு விடாதீர்கள். மென்மையாக்கிய நீர் வேண்டவே வேண்டாம். அந்த இயந்திரம் கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது. அதற்கு முன்னுள்ள குழாயிலிருந்து பிடியுங்கள்.

கேள்வி: சாடி விளிம்பில் வெள்ளைப் படிவு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. வினாகிரி ஊற்றச் சொல்கிறார்கள்.
களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: நீரில் சுண்ணாம்பு கூடி, மண்ணிலுள்ள இரும்பைச் செடி எடுக்க முடியாமல் போனதன் அறிகுறி இது. 10 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து, நீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். தாளில் பாருங்கள். 6க்கும் 6.5க்கும் இடையில் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கிழமைக்கு ஒரு தடவை போதும். புளிப்பு சுண்ணாம்பைத்தான் முறிக்கும், சவரை அல்ல. மீற்றரில் எண் குறையவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றினால் வேர்தான் போகும்.

கேள்வி: புதிதாகத் தும்புத்தூள் போட்டு, பைப் தண்ணீர்தான் விட்டேன். நட்ட கத்தரி நாற்று பத்து நாளில் கருகிவிட்டது.
ஏறாவூர் வாசகி

பதில்: தண்ணீரைக் குற்றம் சொல்ல முன் தும்பைப் பாருங்கள். உவர்நீரில் ஊறப்போட்ட மட்டையிலிருந்து வரும் தூளில் உப்பு ஊறியிருக்கும். ஒரு கோப்பைத் தூளில் ஒன்றரைக் கோப்பை பைப் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் வைத்துப் பிழிந்து, அந்த நீரை அளவுங்கள். ஈ.சி. 1000க்கு மேல் போனால் தூளை வாளியில் ஊறவைத்துப் பிழிவதை மூன்று தடவை செய்து, திரும்ப அளந்து, அதன்பிறகே நடுங்கள். அடுத்த முறை கடையில் "கழுவிய தூளா?" என்று கேளுங்கள். ஆமென்று சொன்னாலும் ஒரு பொதி மட்டும் வாங்கிச் சோதித்துவிட்டு மிச்சத்துக்குக் காசு கொடுங்கள்.