அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று திடீர் லீவு எடுத்தேன். வேலையை விட்டு அனுப்ப முடியுமா?

கேள்வி: மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் மூன்று வருடமாக சேல்ஸ் வேலை பார்க்கிறேன். போன மாதம் நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விடிந்ததும் சூப்பர்வைசருக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் விவரம் போட்டேன். நான்கு நாள் கழித்துப் போனால், ‘முன்அனுமதி இல்லாத லீவுக்கு இரட்டைச் சம்பளம் பிடிக்கப்படும்’ என்று போர்டில் இருப்பதைக் காட்டி, எட்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். இப்போது, நானே வேலையை விடுவதாக எழுதித் தரச் சொல்கிறார்கள். என்ன செய்வது? (ஒரு வாசகி)

பதில்: எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் சகோதரி. ராஜினாமா மட்டுமல்ல, ‘அனுமதியில்லாமல் வராதது என் தவறு’ என்று மன்னிப்புக் கடிதம் கேட்டாலும் கையெழுத்துப் போட வேண்டாம். நாளைக்கு உங்களுக்கு எதிராக அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

உங்கள் கடை தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-க்குள் வருகிறது. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் திருத்தினார்களே, அதே சட்டம்தான். அதன் 25-ஆவது பிரிவு, வருடத்துக்கு 12 நாள் வரை நோய்க்கான விடுப்பும், அது போக 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் சம்பளத்தோடு தருகிறது. தற்செயல் விடுப்புக்குத் தேவை நியாயமான காரணம். பெற்ற தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடப்பதைவிட நியாயமான காரணம் என்ன வேண்டும்? சட்டம் கொடுத்ததைக் கடையின் போர்டு பறிக்க முடியாது. இந்த வருடக் கணக்கில் தற்செயல் விடுப்பு நான்கு நாள் மிச்சமிருந்தால், ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்கக் கூடாது. எல்லாம் தீர்ந்திருந்தாலும் வராத நான்கு நாளுக்குத்தான் பிடிக்கலாம். இரட்டிப்பாகப் பிடிப்பது பல கடைகளில் பழக்கமாகிவிட்டது, ஆனால் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

அடுத்து, வேலை நீக்கம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது என்கிறது 41-ஆவது பிரிவு. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதானால், விசாரணை நடத்தி அதை நிரூபிக்க வேண்டும். அந்தச் சிரமமெல்லாம் வேண்டாம் என்றுதான் உங்களையே எழுதித் தரச் சொல்கிறார்கள். கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், நோய், விபத்து போலக் கைமீறிய காரணத்தால் வராமல் இருப்பதை வேண்டுமென்றே வராததாகக் கொள்ள முடியாது என்றது. அது அரசு ஊழியர் வழக்கு. என்றாலும் அந்த வாதத்தை உங்கள் விஷயத்திலும் வைக்கலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அந்த வாட்ஸ்அப் செய்தியை, நாளும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போன் செய்த பதிவையும் அப்படியே எடுத்து வையுங்கள். அட்மிஷன் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி நகல்களை இணைத்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்ன தேதி இரவு அப்பாவைச் சேர்த்தோம், காலையிலேயே தகவல் சொன்னேன், நான்கு நாளையும் தற்செயல் விடுப்பாகக் கணக்கிட்டு, பிடித்த சம்பளத்தைத் தாருங்கள், வேலை செய்யத் தயாராக இருக்கிறேன் என்று சுருக்கமாக இருந்தால் போதும். அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்களாக வேலையை விட்டுப் போனதாகச் சொல்லவிடாமல் தடுப்பது அதுதான். நேரில் வாங்க மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தினமும் வழக்கம்போல வேலைக்குப் போங்கள். வாசலில் தடுத்தால் அன்றைக்கே அதையும் எழுதி அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். ஒருவேளை வேலை நீக்க உத்தரவே கொடுத்துவிட்டால், 41-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்ய உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். சமாதானம் பேசலாம் என்று கடைக்காரர்கள் கூப்பிட்டால் போய்ப் பேசுங்கள், ஆனால் அந்த 30 நாளைத் தாண்டவிடாதீர்கள்.