கமராவும் மூடுபனியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காலை வேளையில் மூடுபனி படர்ந்த தேயிலை மலையைப் படம் பிடித்தால், கண்ணுக்கு வெண்மையாகத் தெரிந்த பனி படத்தில் அழுக்குச் சாம்பல் நிறமாக வருகிறது. கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினால் நிழல் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடுகிறது. கமராவை மாற்ற வேண்டுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: மாற்ற வேண்டியதில்லை. கமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பது எதுவாயினும் அது நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று எண்ணிக்கொண்டே வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. காட்சியின் பெரும்பகுதி வெண்பனியாக இருக்கும்போது, வெளிச்சம் மிகுந்துவிட்டதென்று கருதி அதுவே குறைத்துவிடுகிறது. ஆகவே, கமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாமே கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன் என்னும் அமைப்பில் +0.7 அல்லது +1 வைத்துப் படம் எடுங்கள். எடுத்தவுடன், படத்தின் ஒளி அளவுகளை இடப்புறக் கருமையிலிருந்து வலப்புற வெண்மை வரை மேடுகளாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைப் பாருங்கள். மேடு வலப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும், ஆனால் வலச்சுவரில் மோதி நிற்கக் கூடாது. மோதினால் அந்த இடத்துப் பனியின் நுண்மைகள் வெறும் வெள்ளையாகிப் போயின என்று பொருள். அவற்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இரண்டாவதாக, கமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரோ (RAW) கோப்பாகச் சேமியுங்கள். வழக்கமான ஜேபெக் (JPEG) கோப்பில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிநிலைகளே உள்ளன. 14 பிட் ரோ கோப்பில் அவை 16,384. பனிக்காட்சியில் வெண்மைக்கும் இளஞ்சாம்பலுக்கும் இடையிலான மெல்லிய வேறுபாடுகள்தான் படமே என்பதால், இவ்வளவு படிநிலைகளும் அங்கே பயன்படும். நிழலில் புள்ளிகள் தோன்றுவதற்குக் காரணம், எடுக்கும்போது கொடுக்காத வெளிச்சத்தைப் பின்னர் கணினியில் கேட்பதுதான்.

பனியை நீக்கும் 'டிஹேஸ்' கருவியைப் பலர் வலது கோடி வரை இழுத்துவிடுகிறார்கள். பனிக்காகவே விடியுமுன் எழுந்து நடுங்கிக்கொண்டு மலையேறியவர், வீட்டுக்கு வந்து அதே பனியைத் துடைத்தெறிவதில் என்ன நியாயம் இருக்கிறது? நான் அதைத் தொடுவதே அரிது. மாறாக, முன்புறத்தில் ஒரு கரும்பொருள் இருக்குமாறு நின்று எடுங்கள்: நனைந்த நிழல் மரத்தின் அடிப்பகுதியோ, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு, கொழுந்து பறிக்க நிரை பிடிக்கப் போகும் ஒருவரின் முதுகோ போதும். அந்தக் கருமை இருந்தால்தான் பின்னால் உள்ள பனியின் ஆழம் கண்ணுக்குப் புலப்படும்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை இந்த மாசியில் படம் பிடிக்க ஆசை. பிளாஷ் பயன்படுத்தலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: வேண்டாம். பிளாஷ் வெளிச்சம் ரதியின் முகத்தில் இட்ட அரிதாரத்தைத் தட்டையாக்கிவிடும். பின்னால் நிற்கும் சனமும் தப்படிப்பவர்களும் இருளில் மறைந்துபோவார்கள். அதைவிட முக்கியமாக, உருவேறி ஆடுபவரின் கண்ணெதிரே வெளிச்சத்தை அடிப்பது அவருக்கும் கூத்திற்கும் இடைஞ்சல். குறைந்த வெளிச்சத்திலும் நிறைய ஒளியை உள்ளே விடும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தால், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்; கூடினால் புள்ளிகளும் கூடும்) 3200, ஷட்டர் வேகம் நொடியில் 160இல் ஒரு பங்கு என்ற அளவில் தொடங்கி, ஆட்டம் வேகமெடுக்கும்போது 250இல் ஒரு பங்கு வரை கூட்டிக்கொள்ளலாம். காமன் எரியும் கட்டத்தில் தீச்சுவாலை கமராவை ஏமாற்றும். எனவே அதற்கு முன்பே, அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் முறைக்கு மாறி, பார்ப்பவர்களின் முகத்தில் விழும் வெளிச்சத்திற்கு ஏற்ப அளவை நிறுத்திவையுங்கள். ஒளியின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் (வைட் பேலன்ஸ்) தானியங்கியில் விட்டால், தீயின் செம்மையைக் கமரா குறையென்று கருதி நீக்க முயலும். 'பகல் வெளிச்சம்' என்று வைத்தால் அந்தச் செம்மை நிலைக்கும். புள்ளிகள் சில தெரிந்தால் தெரியட்டும், இரவுப் படம் இரவாகவே இருப்பது நல்லது.

கேள்வி: அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்த லென்சின் உள்ளே சிலந்தி வலை போன்ற வெண்கோடுகள் தெரிகின்றன. துடைத்தும் போகவில்லை.
– வாசகி, நுவரெலியா

பதில்: அது பூஞ்சணம். சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் ஈரமும் குளிரும் விட்டகலாத உங்கள் ஊரில், மூடிய அலுமாரியும் தோல் உறையும் அதற்கு மிகவும் உகந்த இருப்பிடங்கள். ஆரம்ப நிலையில் படத்தில் பெரிதாகத் தெரியாது. வெயிலை நோக்கி எடுக்கும்போது மட்டும் படம் வெளிறும். நாளடைவில் பூஞ்சணம் சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும் என்பதால், நீங்களே கழற்றாமல் பழுதுபார்ப்பவரிடம் விரைவில் கொடுங்கள். திரும்பி வந்ததும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் வைத்து, அளவை 40 முதல் 50 சதவீதத்துக்குள் பேணுங்கள். நீல நிறச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் அது ஈரத்தால் நிறைந்துவிட்டது. சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் அல்ல. இவை எல்லாவற்றையும்விட, கமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் படம் பிடிப்பது மேல்.

கேள்வி: கொழுந்து பறிக்கும் எங்கள் லயத்து அக்கா ஒருவரை எடுத்து முகநூலில் இட்டேன். ஒரு சுற்றுலாப் பக்கம் என் பெயரை வெட்டிவிட்டு அதைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறது. நான் என்ன செய்யலாம்?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படத்தை எடுத்த கணத்திலேயே உரிமை உங்களுடையது, எங்கும் பதிய வேண்டியதில்லை. அது உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். முதலில் அந்தப் பக்கத்தாருக்கு எழுதுங்கள். பதில் இல்லையெனில் முகநூலின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்புங்கள். வெட்டப்படாத மூலக் கோப்பு உங்களிடம் இருப்பதே வலுவான சான்று.

ஆனால், உங்கள் கடிதத்தில் ஒன்றைக் காணவில்லை. அந்த அக்காவிடம் கேட்டீர்களா? உரிமை உங்களுடையதாக இருக்கலாம், முகம் அவருடையது. வேலை நேரத்தில் படத்துக்கு நின்றாரென்று கணக்கப்பிள்ளை குறை சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர் அவர்தான். வெளிநாட்டுப் பயணிகளின் கமராக்களுக்கு எத்தனையோ முறை சிரித்த அந்தப் பெண்களில், தம் படத்தின் பிரதியைக் கையில் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய அயலில் வாழும் நீங்களாவது, படத்தை முதலில் அவரிடம் காட்டி, அவர் சம்மதித்த பின்னரே வெளியிடுங்கள். தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் குறிப்பிடாமல் விடுவது அவருக்குப் பாதுகாப்பு.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். இந்த வயதில் கமரா வாங்குவதைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: உங்கள் ஊர் புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். 1879இல் மறைந்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மகளும் மருமகனும் கமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. இரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காய்வதற்குள் ஒளிபடச் செய்து கழுவியாக வேண்டிய காலம் அது. அவருடைய படங்கள் தெளிவற்றவை என்று அன்றைய விமர்சகர்கள் குறை கூறினார்கள். இன்று அவை உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் உள்ளன. தாராளமாக வாங்குங்கள், பழைய கமராவாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: பாட்டியின் படத்தைச் சட்டமிட விரும்பி, வாட்ஸ்அப் மூலம் ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். அச்சு மங்கலாக வந்தது ஏன்?
– வாசகி, பதுளை

பதில்: வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது; சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலாகிவிடும். 8க்கு 12 அங்குல அச்சு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் தெளிவாக வர, 2400க்கு 3600 பிக்சல் தேவை. அதே படத்தை 'டொக்யூமன்ட்' என்ற தெரிவின் வழியாக அனுப்புங்கள். மூலக் கோப்பு சுருங்காமல் போய்ச் சேரும். எடுத்த இடத்தின் விபரமும் கோப்போடு சேர்ந்தே செல்லும் என்பதால், அறிமுகமற்றவர்களுக்கு அவ்வாறு அனுப்ப வேண்டாம்.