விருப்பு வாக்கும் சிரிப்பு முகமும்

அன்புள்ள அண்ணா,

நான் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறேன். எங்கள் பகுதி ஆட்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருக்கிறது. போன மாதம் அதில் ஒருவர் தன் மகனுக்கு டெங்கு என்று எழுதியிருந்தார். உடனே இன்னொருவர், "பப்பாசி இலைச் சாறு கொடுங்கள், இரண்டே நாளில் சரியாகிவிடும், ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம்" என்று எழுதினார். அதற்கு 200க்கு மேல் லைக். நான் கீழே, "பனடோல் தவிர வேறு காய்ச்சல் மாத்திரை கொடுக்க வேண்டாம். காய்ச்சல் இறங்கியதும் சுகம் என்று இருந்துவிட வேண்டாம், அந்த நேரம்தான் கூடுதல் கவனம் வேண்டும்" என்று எழுதினேன். அதற்கு 27 சிரிப்பு முகம். ஒருவர் மட்டும், "ஆஸ்பத்திரிக்காரருக்கு யாவாரம்" என்று எழுதினார். மற்றவர்கள் ஏன் சிரித்தார்கள் என்றே தெரியவில்லை.

அன்று இரவு ஒரு அம்மா உள்பெட்டியில் வந்து, "காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பிள்ளை சத்தியெடுத்துச் சோர்ந்து கிடக்கிறான், என்ன செய்ய?" என்று கேட்டார். உடனே கொண்டுபோகச் சொன்னேன். கொண்டுபோனார்.

இத்தனை பேர் சேர்ந்து போடும் வாக்கு பிழையாக இருக்குமா? நான் சொன்ன விதம் பிழையா? இனி எழுதாமல் விட்டுவிடலாம் போல இருக்கிறது.

ஒரு வாசகி, கொழும்பு 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. இதைச் சொல்ல அன்றைக்கே அந்தக் குழுவில் ஒருவராவது வந்திருக்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரினும் இபுபுரோஃபனும் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிள்ளைகள் ஆபத்தான நிலைக்குப் போகிறார்கள். 2017இல் இந்த நாட்டில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள், 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடத்தைப் பார்த்த ஊரில் உங்கள் இரண்டு வரிக்குச் சிரிப்பு விழுந்தது என்பதை வாசித்தபோது எனக்கு மனம் கனத்துப் போனது.

இத்தனை பேர் போடும் வாக்கு பிழையாக இருக்குமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக இருக்கும். 2013இல் முச்னிக், அரால், டெய்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். வாசகர்கள் செய்திகளைப் பகிர்ந்து விவாதிக்கும் ஒரு தளத்தில், ஐந்து மாதத்தில் வந்த 101,281 பின்னூட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் சிலவற்றுக்கு, என்ன எழுதியிருக்கிறது என்றே பார்க்காமல், பிறந்த உடனேயே ஒரு மேல்வாக்கு, அதாவது லைக் மாதிரி 'நல்லது' என்ற வாக்கு, போட்டார்கள். சிலவற்றுக்கு ஒரு கீழ்வாக்கு, 'நல்லதில்லை' என்ற வாக்கு. மற்றவற்றைச் சும்மா விட்டார்கள். அந்த ஒற்றை மேல்வாக்கைப் பார்த்துக்கொண்டு வந்த அடுத்த ஆள், தானும் மேல்வாக்குப் போடுவதற்கான வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் அந்தப் பின்னூட்டங்களின் மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்து நின்றது. ஒரே ஒரு விரல் செய்த வேலை அது.

இதை வாசித்த பிறகு என் விரலையே நான் கவனிக்கத் தொடங்கினேன். போன வாரம் புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு 101 பஸ்ஸில் வந்தேன். ஜன்னலோர இருக்கை, கையில் போன். ஒரு நீண்ட விவாதம், தமிழ் வழிப் பிள்ளைகளின் ஆங்கிலம் பற்றி. கொள்ளுப்பிட்டி தாண்டும்போது பார்க்கிறேன், நான் லைக் போட்ட நாலு கருத்துகளில் மூன்றை முழுதாக வாசிக்கவே இல்லை. கண் முதலில் எண்ணுக்குப் போயிருக்கிறது, அப்புறம் முதல் வரிக்கு, உடனே விரல். பம்பலப்பிட்டியில் திரும்பப் போய் வாசித்தேன். ஒன்றில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத விஷயம் இருந்தது. எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் எனக்குப் பிறகு வந்தவர்கள் என் விரலையும் சேர்த்துத்தானே எண்ணியிருப்பார்கள்? பப்பாசிச் சாற்றுக்கு விழுந்த அந்த 200 லைக்கிலும் வாசித்துப் போட்டவை எத்தனை, முன்னால் விழுந்த பத்தைப் பார்த்துப் போட்டவை எத்தனை?

அதே ஆய்வில் உங்களுக்கு ஆறுதலான ஒன்றும் இருக்கிறது. வேண்டுமென்றே போட்ட கீழ்வாக்கு நிலைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அது அநியாயம் என்று கண்டு மேல்வாக்குப் போட்டுச் சரிக்கட்டினார்கள். அப்படிச் செய்ய ஆட்கள் வரவேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு வரவில்லை.

சிரிப்பு முகத்தைப் பற்றி. முகநூலில் கீழ்வாக்கு கிடையாது. 2009இல் லைக் வந்தது, 2016இல் மற்ற முகங்கள் வந்தன. நம்மவர்கள் சிரிப்பு முகத்தையே கீழ்வாக்காக எடுத்துக்கொண்டார்கள். கீழ்வாக்கைவிட இது கொடியது என்பது என் எண்ணம். கீழ்வாக்கு 'எனக்கு உடன்பாடில்லை' என்றாவது சொல்லும். சிரிப்பு முகம் 'நீ பதில் சொல்லத் தகுந்த ஆளே இல்லை' என்கிறது. வார்ட்டில் இரவெல்லாம் நிற்கிற ஒருவரைப் பார்த்து அதைச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

நம் நாட்டுத் தேர்தலில் விருப்பு வாக்கு என்று ஒன்று இருக்கிறது. கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு, பிடித்த மூன்று பேர் வரை தெரிவு செய்யலாம். வெறுப்பு வாக்கு என்று ஒன்று இல்லை. வாக்குச்சீட்டில் இல்லாததை நாம் போனில் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். அதற்காகக் கீழ்வாக்கே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பொய்யான மருத்துவத்தையும் இனத்துவேசத்தையும் கீழே தள்ள ஏதாவது வேண்டும். ஆனால் போடுகிறவருக்கும் கொஞ்சம் பொறுப்பு இருக்க வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் ஒரு பதிலுக்குக் கீழ்வாக்குப் போட்டால் போடுகிறவரிடமிருந்தும் ஒரு புள்ளி குறையும். 1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இருந்தது. எல்லோருக்கும் எந்நேரமும் வாக்கு இல்லை. அவ்வப்போது சிலருக்கு ஐந்து புள்ளி கையில் கொடுப்பார்கள். அதைச் செலவழிக்கும்போது காரணத்தையும் தெரிவு செய்ய வேண்டும்: ஆழமானது, தகவல் தருவது, தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது, வம்புக்கு இழுப்பது என்று. தான் பேசிய விவாதத்தில் தானே புள்ளி போட முடியாது. உங்கள் 27 பேரும் அப்படி ஒரு காரணத்தைத் தொட வேண்டியிருந்தால் எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்? 'தகவல் தருவது' என்பதைத் தவிர அங்கே தொட வேறென்ன இருந்தது?

எழுதாமல் விட்டுவிடலாம் என்கிறீர்கள். 2014இல் வந்த இன்னொரு ஆய்வு நாலு பெரிய இணையச் சமூகங்களைப் பார்த்தது. கீழ்வாக்கு வாங்கியவர்கள் திருந்தவில்லை. இன்னும் கூடுதலாக எழுதினார்கள், தரமும் இறங்கியது. மற்றவர்களுக்குக் கீழ்வாக்குப் போடுவதும் கூடியது. ஒரு வாக்கும் விழாதவர்கள்தான் பேசாமல் எழும்பிப் போனார்கள். அதாவது கீழ்வாக்குப் போட்டு யாரையும் துரத்த முடியாது, 'யாவாரம்' என்றவர் நாளைக்கும் அங்கே இருப்பார். நீங்கள் போனால் அந்தக் குழுவில் டெங்கு பற்றித் தெரிந்த ஆள் இருக்கமாட்டார். அந்த அம்மா யாரிடம் கேட்பார்? அவர் உங்களுக்கு ஒரு லைக்கும் போட்டிருக்கமாட்டார், ஆனால் வாசித்திருக்கிறார்.

சொன்ன விதம் பிழையா என்றும் கேட்டீர்கள். பிழை இல்லை, இரண்டு குறை இருக்கிறது. நீங்கள் தாதி என்று அதில் சொல்லவில்லை. 'நான் தாதி, இந்த வருடம் வார்ட்டில் பார்த்தது இது' என்று தொடங்கியிருந்தால் அந்த வரிக்கு வேறு பலம் இருந்திருக்கும். மற்றது, 'கூடுதல் கவனம்' என்றால் ஒரு தாய்க்கு என்ன விளங்கும்? விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்பச் சத்தி, பல்முரசிலோ மூக்கிலோ இரத்தம், எழும்ப முடியாத சோர்வு என்று அடையாளங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பப்பாசிச் சாறு சொன்னவருக்கு லைக் விழுந்ததற்கு ஒரு காரணம், அவர் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொன்னார். நீங்களும் சொல்லுங்கள்.

தென்மேற்கு மழையோடு கொழும்பில் நுளம்பும் வந்துவிடும். அதற்கு முன் அந்த வரிகளைத் திருத்தி, இன்னொருவருக்குப் பதிலாக இல்லாமல் தனிப் பதிவாகப் போடுங்கள். போட்டதும் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஆள் திரட்டிக்கொண்டு வரமாட்டேன். நான் மட்டும் வந்து, முழுதாக வாசித்து, ஏன் சரி என்று இரண்டு வரி கீழே எழுதுகிறேன். லைக்கை அதற்குப் பிறகு போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணா