பழைய ரைபிளை மாற்றலாமா? – வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: எட்டு ஆண்டுகளாக மான் வேட்டைக்கு பிரித்தானியப் படையின் பழைய ரைபிளான லீ என்பீல்ட் .303 ஒன்றை வைத்திருக்கிறேன். கடந்த பருவத்தில் நூறு மீட்டரில் குண்டுகள் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறின. ஒருவர் தமது ரெமிங்டன் 700 ரைபிளை ஸ்கோப்புடன் (குறிபார்க்கும் தொலைநோக்கி) 700 டொலருக்குத் தருகிறார். மாற்றலாமா? – சட்பரி வாசகர்

பதில்: எட்டு ஆண்டுகள் ஒழுங்காகச் சுட்ட துவக்கு திடீரென்று சிதறினால், குழலைச் சந்தேகிப்பதற்கு முன் மரக்கட்டையை இறுக்கும் திருகாணிகளையும், ஸ்கோப் இருந்தால் அதைத் தாங்கும் வளையங்களையும் பாருங்கள். இறுக்கிய பின், வேறொரு வகைத் தோட்டாவையும் சுட்டுப் பாருங்கள். கனடியப் படையின் துணைப் பிரிவான கனடிய ரேஞ்சர்கள் 1947 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் வடக்கின் கடுங்குளிரில் சுமந்தது இதே லீ என்பீல்டைத்தான். .303 தோட்டா கடைகளில் அரிதாகி வருவது மாற்றுவதற்கு நியாயமான காரணம். சக்தி போதாது என்பது காரணமே அன்று.

ரெமிங்டனை வாங்குவதானால், அது செய்யப்பட்ட காலத்தைக் கேளுங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை எக்ஸ்-மார்க் புரோ விசையுடன் வந்த 700 ரைபிள்களை, விசையை இழுக்காமலே வெடிக்கக்கூடும் என்பதால், நிறுவனமே 2014இல் திருப்பி அழைத்தது. விசை திருத்தப்பட்டதற்குச் சான்று இல்லையென்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

கேள்வி: 'எல்லாம் நல்ல நிலை' என்கிறார் விற்பவர். நான் எதைப் பார்க்க வேண்டும்? – பீட்டர்பரோ வாசகி

பதில்: அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மெருகேற்றிய மரக்கட்டையைத் தடவிப் பார்த்து விலை பேசுகிறவர்கள்தான் இந்தச் சந்தையைக் கெடுத்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். பல ஆண்டுகளுக்கு முன், வெட்டிக் குறுக்கிய ஒரு லீ என்பீல்டை அதன் வாதுமை மரத்தின் அழகுக்காகவே வாங்கினேன். சுட்டு வெளியேற்றிய தோட்டா உறைகளின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான ஒரு வளையம் தெரிந்தது. ஏழாவது உறை அந்த வளையத்திலேயே இரண்டாகப் பிரிந்து, முன்பாதி தோட்டா அமரும் அறைக்குள் சிக்கிக்கொண்டது. பழுதுபார்ப்பவர் அளவுகோலை வைத்துப் பார்த்து, தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளிப் பூட்டும் போல்டுக்கும் அறையில் உறை தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி (ஹெட்ஸ்பேஸ்) மிகுந்துவிட்டது என்றார். போல்ட் கைப்பிடியில் ஓர் எண், உடற்பகுதியில் வேறோர் எண்: யாரோ எங்கோ கிடந்த போல்டைச் செருகி விற்றிருக்கிறார்கள். ஆகவே, துவக்கு வெறுமையாக இருப்பதை உறுதிசெய்து, போல்டைக் கழற்றி, எண்கள் இருந்தால் ஒப்பிட்டு, வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். குழலின் உட்சுவரில் சுருண்டு செல்லும் வரிப்பள்ளங்களின் விளிம்பு கூராகத் தெரிய வேண்டும். கரும்புள்ளிகள் துருவின் வேலை. குழல் முனையில் காயம் இருந்தாலும், போல்டுக்குப் பின்னால் மரத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் விலகிவிடுங்கள். பழுதுபார்ப்பவருக்குக் கொடுக்கும் கூலியையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

கேள்வி: விளம்பரப் படத்தைப் பார்த்து முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். இப்போது போல்டைக் கழற்றிக் காட்ட மறுக்கிறார். – தண்டர் பே வாசகர்

பதில்: படத்துக்குப் பணம் கொடுத்தீர்கள், படம் கிடைத்துவிட்டது. இன்றே பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: 'ஒரு பருவம்தான் பயன்பட்டது' என்று கடைக்காரர் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தந்தார். வீட்டில் துடைத்தபோது குழல் முழுவதும் துருக்குழிகள். – பாரி வாசகர்

பதில்: உங்கள்மேல் பிழையில்லை. கேட்டீர்கள், எழுதியும் வாங்கினீர்கள். அதற்கு மேல் ஒருவர் என்ன செய்ய முடியும்? வணிகரின் பொய்யான கூற்றை நம்பி வாங்கியவர், ஓராண்டுக்குள் அறிவித்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. குழலைப் படமெடுத்து, பழுதுபார்ப்பவரின் குறிப்பையும் பற்றுச்சீட்டின் நகலையும் இணைத்துக் கடிதம் அனுப்புங்கள்; அதுவரை அந்தத் துவக்கில் ஒரு தோட்டாவும் சுட வேண்டாம். தனிநபரிடம் வாங்கியவர்களுக்கு இந்தச் சட்டம் துணைக்கு வராது என்பதை மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பழைய .303ஐ மைத்துனருக்கே விற்கிறேன். உரிமம் பார்க்கத்தான் வேண்டுமா? – ஸ்கார்பரோ வாசகர்

பதில்: வேண்டும். 2022 மே 18 முதல், வாங்குபவரின் உரிமத்தைக் கனடியத் துவக்குப் பதிவாளரிடம் சரிபார்த்து, குறிப்பெண் பெற்ற பிறகே கைமாற்றலாம். மைத்துனருக்கு விலக்கு இல்லை.